ரெண்டு கையும் காலியா இருக்கணும்: இடுப்புல மாட்டுற தூண்டில் ராட் ஹோல்டர் யாராவது பயன்படுத்துறீங்களா?

ஒற்றியூர் தூண்டில்:

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிட்டுக் கேள்விக்கு வர்றேன்.

காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் வரைக்கும் கடலுக்குள்ள கல்லு கொட்டிப் போட்டிருக்கிற தூண்டில் வளைவுகள்ல ஒண்ணுலதான் நான் வழக்கமா லூர் (முள்ளு வச்ச போலி இரை) போடுவேன். 9 அடி ராடு, 4000 சைஸ் ரீல். விடியறதுக்கு முன்னாடி முனைக்குப் போயிட்டா சீலாவோ சின்னப் பாறை மீனோ ஒண்ணு ரெண்டு அடிக்கும். திரும்பும்போது, தண்ணி ஏறி இறங்குற இடத்துல பாசி பிடிச்ச கல்லுல கால் வழுக்கிருச்சு. வலது கையில ராடு. பக்கத்துலயே பிடிக்க நல்ல கல்லு இருந்துச்சு. ஆனா கை ராடை விடல. இடது முழங்கை நேரா, கல்லுல ஒட்டி வளர்ற கூரான ஓட்டுக் கொட்டலசு மேல போய் இறங்கி ஆறு தையல். ராடுக்கு ஒரு கீறல் கூட இல்ல.

வீட்டுக்கு வந்ததுல இருந்து அதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன். விழுற நேரத்துல கை எதைப் பிடிச்சிருக்கோ அதை இன்னும் இறுக்கித்தான் பிடிக்குது, விடணும்னு தோணுறதே இல்ல. அதனால கல்லு ஏறி இறங்கும்போது கையில ராடே இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். இடுப்புலயோ முதுகுலயோ மாட்டுற மாதிரி ஏதாவது பயன்படுத்துறவங்க சொல்லுங்க.

முட்டம் பாறை:

தம்பி, முழங்கை சீக்கிரம் ஆறட்டும். கொட்டலசு கிழிச்ச காயத்தை லேசா எடுத்துக்காதீங்க, உள்ளே ஓட்டுத் துண்டு தங்கியிருந்தா சீழ் வைக்கும். சிவப்பு பரவுதான்னு பார்த்துக்கிட்டே இருங்க.

நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. முட்டத்துப் பாறையில முப்பது வருஷமா நிக்கிறேன். எங்க பெரியவங்க சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ரெண்டு காலு ரெண்டு கை, இந்த நாலுல மூணு எப்பவும் பாறையில ஒட்டியிருக்கணும், ஒண்ணுதான் நகரணும். கையில ராடு இருந்தா அந்தக் கணக்கு உடைஞ்சு போகுது.

நான் இடது இடுப்புக்குப் பின்னால ஒரு குழாய் மாட்டியிருக்கேன். ராடோட அடி அதுக்குள்ள இறங்கும், நுனி பின்னால சாஞ்சு நிக்கும். முதுகுல மாட்டுற பையும் ஒரு காலத்துல வச்சுப் பார்த்தேன். தலைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற ராடைக் காத்து பிடிச்சு ஆட்டும்போது தோள்பட்டையோட நம்மளையும் சேர்த்து ஆட்டுது. இடுப்பு தாழ்வான இடம், அங்க ஆட்டம் குறைவு. முதுகுல ராடு எதுல மாட்டுதுன்னும் கண்ணுக்குத் தெரியாது.

நெல்லை விறால்:

நான் கடல் பக்கம் போறதில்ல. குளத்தங்கரையில தவளை லூர் போட்டு விறால் பிடிக்கிறவன். எங்களுக்குப் பாசி பிரச்சினை இல்ல, சீமைக்கருவேலம்தான் பிரச்சினை. ஒரு கையால முள்ளை விலக்கி, இன்னொரு கையால சட்டையை விடுவிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்.

அதுல ஒண்ணு சொல்றேன். ராடு நட்டுக்க நின்னா முள்ளுக்குள்ள போகவே முடியாது. ராடு படுக்கையா, நுனி பின்னாலயும் அடி முன்னாலயும் பார்க்கிற மாதிரி இருக்கணும். நுனி முன்னால இருந்தா முதல் கிளையில குத்தின உடனே நுனி வளையம் போயிடும். பின்னால இருந்தா நாம போன வழியிலேயே அதுவும் இழுபட்டு வந்துடும். என்னோடது 7 அடி ராடு. பெல்ட்டுல ரெண்டு வெல்க்ரோ பட்டை தச்சு, ரீலுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு கட்டிக்கிறேன். குழாயே இல்ல. கரையில தோதான இடம் கண்ட உடனே ரெண்டு கிழி, ராடு கையில.

ஒற்றியூர் தூண்டில்:

ரெண்டு பேருக்கும் நன்றி. தையல் நாளைக்குப் பிரிக்கிறாங்க, சீழ் இல்ல.

ஆன்லைன்ல தேடினப்போ 'ஃபைட்டிங் பெல்ட்'னு ஒண்ணு வருது. வயித்துக்கு முன்னால அகலமா ஒரு தட்டு, நடுவுல ஒரு கிண்ணம். இதை வாங்கினா வேலை ஆகுமா?

பதினெட்டு பாகம்:

ஆகாது, காசை வீணாக்காதீங்க. நான் படகுல போய்ச் சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் போடுறவன், அந்த பெல்ட் எங்களுக்கானது. பெரிய மீன் இழுக்கும்போது ராடோட அடி வயித்துல குத்தும், அரை மணி நேரத்துல கன்னிப் போயிடும். அந்த பாரத்தை இடுப்புக்கும் தொடைக்கும் பரப்பி விடத்தான் அந்தத் தட்டு. கிண்ணத்துக்குள்ள குறுக்கே ஒரு ஊசி இருக்கும். பெரிய ராடுகளோட அடியில குறுக்கு வெட்டு இருக்கும்ல, அது இந்த ஊசியில உக்காந்துடும், ராடு திரும்பாது. கை பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் அது நிக்கும். விட்டா விழும். நடக்கிறதுக்குச் செஞ்ச சாமான் இல்ல.

கரையோரம்:

எல்லாரும் மன்னிக்கணும், நான் மாறுபடுறேன். நாற்பது வருஷமா ராடை இடது கையில பிடிச்சுத்தான் நடக்கிறேன். கல்லு ஏற வேண்டிய இடம் வந்தா ராடை முதல்ல மேல வச்சுட்டு, அப்புறம் நான் ஏறுவேன். அதுவும் முடியாத இடம்னா ரெண்டு துண்டாப் பிரிச்சு ரப்பர் போட்டுத் தோள்ல மாட்டிக்குவேன். உடம்புல புதுசா ஒரு சாமான் தொங்கினா, அது எங்கேயாவது இடிக்கும், எங்கேயாவது மாட்டும். விழுறப்போ அது மேலயே விழுவோம். நிதானமா நடக்கிற பழக்கத்தை விட்டுட்டு சாமானை நம்பக் கூடாதுங்கிறதுதான் என் கவலை.

முட்டம் பாறை:

அண்ணே, நீங்க சொல்ற நிதானம்தான் முதல்ல, அதுல மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா லூர் போடுறவன் ஒரே இடத்துல உக்கார மாட்டான். பத்து வீச்சு, அடுத்த கல்லு. ஒரு காலையில இருபது தடவை இடம் மாறுவான். இருபது தடவையும் ராடைப் பிரிச்சு, தூண்டில் நரம்பு முறுக்காம மறுபடி வளையத்தை நேர் பார்த்துச் சேர்க்கணும்னா யாருமே செய்ய மாட்டாங்க. 'இந்த ஒரு தடவை கையிலேயே பிடிச்சுக்கலாம்'னு ஏறுவாங்க. விழுறது அந்தத் தடவைதான்.

பழவை காயல்:

பழவேற்காட்டுல இருந்து எழுதுறேன். ரெண்டு கையும் காலியா இருக்கணும்ங்கிறது எங்க பக்கத்துல புதுசு இல்ல. இருளர் மக்கள், பெண்கள்தான் அதிகம், கழுத்தளவு தண்ணியில உக்காந்து சேத்துல ரெண்டு கையாலயும் தடவி இறால் பிடிப்பாங்க. பிடிச்ச இறாலைப் போடுற பனை ஓலைப் பறியைப் பல்லால கடிச்சுத் தொங்க விட்டிருப்பாங்க. கை ரெண்டும் இறாலுக்கு. சாமான் வாயில. மணிக்கணக்கா அப்படியே. சின்ன வயசுல பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன், தாடை வலி எப்படி இருக்கும்னு அப்ப தெரியல. ஒரு நாள் வெறும் பறியைக் கடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் இருந்து பார்த்தேன், சாயங்காலம் வரைக்கும் சாப்பாட்டை மெல்ல முடியல.

காயல்ல இறங்கி நடந்து போடுறவங்களுக்கு ஒரு விஷயம். இடுப்புக் குழாய் தண்ணிக்குள்ள போயிடும், அடிப்பிடியில உப்புத் தண்ணி ஏறும். எங்களுக்கு நெஞ்சு உயரத்துல மாட்டினாதான் சரி வரும். அப்புறம் கை காலியா இருக்குன்னு வேகமா நடந்துடாதீங்க. காலைத் தூக்கி வைக்காம, சேத்தைத் தேய்ச்சுக்கிட்டே போங்க. திருக்கை இருந்தா அதிர்வு தெரிஞ்சு விலகிப் போயிடும். மிதிச்சாதான் முள்ளு அடிக்கும். அடிச்சிருச்சுன்னா பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போங்க, வலி அதுலதான் அடங்கும்.

குழாய்க்காரர்:

நாகையில பிளம்பிங் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படிச்சதும் கை சும்மா இருக்கல, நேத்தே ஒண்ணு செஞ்சுட்டேன். செஞ்ச விதத்தைச் சொல்றேன்.

கடையில 40 மி.மீ. பிவிசி பைப்னு கேளுங்க. 40ங்கிறது வெளி அளவு. உள்ளே 36 கிட்ட வரும், பைப்போட கனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். வாங்குறதுக்கு முன்னாடி ராடோட அடிமூடியை விட்டுப் பாருங்க. சுத்தி ஒரு நூல் இடைவெளி இருந்தா போதும். ரொம்ப லூசா இருந்தா பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே ஒட்டிடுங்க, கடகட சத்தமும் வராது. சத்தம் மீனுக்கு ஆகுமா ஆகாதாங்கிறது இருக்கட்டும், நடக்கிறவனுக்கு எரிச்சல்.

நீளம் 25 செ.மீ. அடியில மூடி போடாதீங்க. மூடி போட்டா மணலும் உப்புத் தண்ணியும் அங்கேயே தங்கும். அதுக்குப் பதிலா அடியில இருந்து ரெண்டு செ.மீ. மேல குறுக்கே ஓட்டை போட்டு ஒரு எஸ்.எஸ். போல்ட் விடுங்க. ராடு அது மேல உக்காரும், தண்ணி கீழே ஓடிடும். சாதா போல்ட் போட்டா ஒரு மாசத்துல துரு பிடிச்சுக் குழாயோட ஒட்டிக்கும்.

மேல் வாயைக் கொஞ்சம் விரிக்கணும், அப்பதான் திரும்பிப் பார்க்காமலே ராடை இறக்க முடியும். இதுக்குத் தயவு செய்து நெருப்புல காட்டாதீங்க. பிவிசி 80 டிகிரி கிட்டயே இளக ஆரம்பிக்கும். கொதிக்கிற தண்ணியில வாயை மட்டும் அஞ்சு நிமிஷம் நிறுத்தி வச்சு, ஒரு கண்ணாடிப் பாட்டில் கழுத்தை உள்ளே அழுத்தி, அப்படியே பச்சைத் தண்ணியில முக்கினா புனல் மாதிரி நிக்கும். நெருப்புல கருகினா வர்ற புகை நெஞ்சை அரிக்கிற அமில வாயு. வேலைக்கு வந்த புதுசுல அதை மூச்சுல இழுத்துட்டு ரெண்டு நாள் இருமியிருக்கேன்.

ரீல் தண்டுக்கு வாயில ஒரு பிளவு வெட்டணுமான்னு கேப்பீங்க. அடியில இருந்து ரீல் வரைக்கும் அளந்து பாருங்க. விறால் ராடு மாதிரி பிடி குட்டையா இருந்தா பிளவு வேணும், ரீல் அதுல உக்காந்து ராடு திரும்பாம நிக்கும். ஒற்றியூர்க்காரரோட 9 அடி ராடுக்குப் பிடி நீளம், ரீல் குழாய்க்கு மேலேயே நின்னுடும். அதுக்குப் பிளவு வேண்டாம், மேல ஒரு வெல்க்ரோ வளையம் போதும்.

குழாயை பெல்ட்டோட சேர்க்க ஹவாய் செருப்பு அடிப்பாகத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி இடையில வச்சேன். இடுப்பெலும்பு இடிக்காது. செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொடுத்தா நைலான் நூல்ல ரெட்டைத் தையல் போட்டுக் கொடுத்துடுவார்.

ஒற்றியூர் தூண்டில்:

அண்ணே, இவ்வளவு விவரமா எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. சனிக்கிழமை செஞ்சுடறேன். ஒரு சந்தேகம். குழாய்ல இருந்து ராடு நழுவிக் கடல்ல விழாம இருக்க, ரீல்ல இருந்து பெல்ட்டுக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டிடலாமா? கயாக்ல (சின்னத் துடுப்புப் படகுல) போறவங்க அப்படித்தான் கட்டுறாங்க.

முட்டம் பாறை:

கட்டாதீங்க. இதை மட்டும் அழுத்திச் சொல்றேன், கட்டவே கட்டாதீங்க.

கயாக்ல அந்தக் கயிறு படகோட சேர்ந்திருக்கு, ஆளோட இல்ல. நீங்க தண்ணியில விழுந்து, ராடு ரெண்டு கல்லுக்கு நடுவுல செருகிக்கிட்டா, அந்தக் கயிறு உங்களை அங்கேயே பிடிச்சு வைக்கும். அலை ஒவ்வொரு தடவையும் கல்லு மேல அடிக்கும். ராடு போகட்டும். பெல்ட்டும் சட்டைக்கு வெளியில, கடைசியா மாட்டினதா இருக்கணும். ஸ்கூல் பையில வருமே, ரெண்டு பக்கமும் அமுக்கினா கழலுற கிளிப், அது போடுங்க. துளையில ஊசி மாட்டுற பெல்ட் வேண்டாம். இடது கையால, கண்ணை மூடிக்கிட்டு, ஈரக் கையால கழட்டிப் பழகுங்க. வெல்க்ரோ வளையமும் பலமா இழுத்தா பிரியுற அளவுக்குத்தான் இருக்கணும்.

இன்னொண்ணு, நடக்கும்போது லூர் ராடுல தொங்கக் கூடாது. மூணு கொக்கி சேர்ந்த ட்ரெபிள் முள்ளு ரெண்டு இருக்கிற லூர் விலா எலும்புக்குப் பக்கத்துல ஆடிக்கிட்டிருக்கும், விழுந்தா நேரா உடம்புல ஏறும். நரம்பு நுனியில இருக்கிற கிளிப்பைக் கழட்டி லூரைப் பெட்டியில போட்டுட்டுத்தான் கல்லுல கால் வைக்கணும்.

கரையோரம்:

முட்டத்துக்காரர் எழுதினதைப் படிச்சேன். ராடு போகட்டும்னு சொல்ற ஆள் செய்யுற சாமானா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல.

வாவிக்கரை:

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். நீங்கள் எல்லாரும் நடக்கிறதுக்கு இதைக் கதைக்கிறீங்கள். எங்கட வீட்டில இது வேற கதை.

என்ட மாமாவுக்கு இடக்கை முழங்கைக்குக் கீழ இல்லை. சண்டைக் காலத்தில போனது. அதுக்கு முதல் அவர் வாவியில நல்ல தூண்டில்காரன், கொடுவா எங்க நிக்கும் எண்டு தண்ணியைப் பார்த்துச் சொல்லுவார். பிறகு பத்துப் பன்னிரண்டு வருசம் தூண்டிலைத் தொடவே இல்லை. கரையில வந்து இருந்துபோட்டு எழும்பிப் போவார்.

மூண்டு வருசத்துக்கு முன்னம் நான் அவருக்கு ஒண்டு செய்து குடுத்தனான். மேல 'பதினெட்டு பாகம்' சொன்ன அந்தக் கிண்ண பெல்ட், அதோட நெஞ்சில ஒரு பட்டி. பட்டியில கவை மாதிரி ஒரு கொக்கி, றப்பர் சுத்தினது. வலக்கையால வீசுவார். லூர் தண்ணியில விழுந்தவுடனே ராட் அடியைக் கிண்ணத்தில இறக்கி, நடுவைக் கவையில சாய்ப்பார். இப்ப வலக்கை சும்மா, அந்தக் கையால ரீலைச் சுத்துவார். கைப்பிடியை எந்தப் பக்கமும் மாத்திப் பூட்டலாம் தானே, வலப்பக்கம் மாத்திக் குடுத்தன். மீன் இழுத்தால் இடுப்பால பின்னுக்குச் சாய்வார், நிமிர்ந்து முன்னுக்கு வரேக்க சுத்துவார். ராட் கவையால வெளியில பாயாமல் இடக்கை முட்டியால மேல அமத்திப் பிடிப்பார்.

முதல் நாள் ஒண்டும் படேல்லை. இரண்டாம் நாள் பின்னேரம் கல்லடிப் பக்கம் ஒரு கொடுவா, ரெண்டு கிலோ மட்டில. மீனைக் கரையில போட்டுட்டு அவர் ஒண்டும் கதைக்கேல்லை. பெல்ட்டைக் கழட்டவும் விடேல்லை. அப்பிடியே வீட்ட வந்து மாமிக்குக் காட்டிப்போட்டுத்தான் கழட்டினவர்.

பழவை காயல்:

இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வச்சுட்டேன். உங்க மாமாவுக்கு என் வணக்கம். அந்தக் கவையோட படம் போட முடியுமா? எங்க தெருவுல பக்கவாதம் வந்து ஒரு கை வராத ஒருத்தர் இருக்கார், தினமும் கரைக்கு வர்றவர்.

வாவிக்கரை:

கட்டாயம் போடுறன். ஆனால் பக்கவாதம் எண்டால் நிண்டுகொண்டு சாய்ஞ்சு இழுக்கிறது சரிவராது, கதிரையில இருத்தித்தான் பழக்க வேணும். கவை அவற்ற நல்ல கைப் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். முதல்ல லூர் இல்லாமல் ஈயம் மட்டும் கட்டி வீசிப் பழக்குங்கோ.

ஓய்வு லைன்மேன்:

மின்வாரியத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மீன் பிடிக்கிறது இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். எல்லாரும் கல்லையும் தண்ணியையும் பேசுறீங்க, தலைக்கு மேல யாரும் பார்க்கல.

இப்ப வர்ற நல்ல ராடுகள்ல பெரும்பாலானது கார்பன். கார்பன்ல மின்சாரம் பாயும். கரையில இருந்து தூரமா வீசுற 12 அடி சர்ஃப் ராடை இடுப்புல நட்டுக்க மாட்டினா நுனி தரையில இருந்து நாலரை மீட்டர் கிட்ட போயிடும். கையில பிடிச்சு நடக்கிறவன் ராடைத் தாழ்த்தித்தான் பிடிப்பான். இடுப்புல மாட்டினவன் ராடு இருக்கிறதையே மறந்துடுவான், அதுதான் ஆபத்து. குப்பத்துச் சந்துகள்ல வீட்டுக்கு இழுத்த சர்வீஸ் வயர் எவ்வளவு தாழ்வா தொங்கும்னு எனக்குத் தெரியும், கட்டினவன் நான். தொட்டாதான் அடிக்கும்னும் இல்ல, உயர் அழுத்த லைன்னா நெருங்கினாலே பாயும். ஃபைபர் ராடுதானேன்னும் நம்பாதீங்க. உப்புத் தண்ணியில நனைஞ்ச எதுலயும் கரண்ட் வரும்.

அதனால தெருவுல ராடு ரெண்டு துண்டு. மணலோ கல்லோ வந்த பிறகுதான் சேர்க்கணும், ஹோல்டர்ல மாட்டணும். சென்னைப் பக்கம் ஆடி கடைசியில இருந்து சாயங்காலம் இடி வரும். முதல் இடி சத்தம் கேட்டதும் ராடைக் கீழே படுக்கப் போட்டுட்டுக் கரை ஏறிடுங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத் திரும்பினா போதும்.

ஒற்றியூர் தூண்டில்:

நாலு வாரம் கழிச்சு வர்றேன். குழாய்க்காரர் அண்ணன் சொன்னபடியே செஞ்சேன். பைப், போல்ட், நாடா, கிளிப், தையல் கூலி எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

முதல் நாளே ஒரு தப்பு தெரிஞ்சது. சமமா நடக்கும்போது குழாய் இருக்கிறதே தெரியல. பெரிய கல்லுல இருந்து இறங்க உக்காந்தப்போ குழாயோட அடி பின்னால இருந்த கல்லுல முட்டி, என்னை முன்னால தள்ளிருச்சு. நல்ல வேளை, ரெண்டு கையும் காலியா இருந்ததால கல்லைப் பிடிச்சு நின்னேன். கரையோரம் ஐயா சொன்ன 'எங்கேயாவது இடிக்கும்' அப்படியே நடந்தது. வீட்டுக்கு வந்து, குழாயைச் செருப்புத் துண்டோட தச்சிருந்ததைப் பிரிச்சுட்டு, நடுவுல ஒரே போல்ட்ல மாட்டி, ரெண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வச்சேன். இப்ப உக்காந்தா குழாய் தானா படுக்கையா திரும்பிக்குது, எழுந்தா கையால ஒரு தட்டு, பழையபடி நிக்குது. படுக்கையா திரும்பும்போது நுனி பின்னால போற மாதிரி வச்சிருக்கேன், நெல்லைக்காரர் சொன்ன மாதிரி. போல்ட் நட்டு லூஸ் ஆகாம நைலான் வளையம் உள்ள நட்டு போட்டேன்.

கிளிப்பை வீட்டுல தினமும் இடது கையால கழட்டிப் பார்க்கிறேன். முதல்ல ஈரக் கையில வழுக்குச்சு. கிளிப் மேல சைக்கிள் டியூப் துண்டு ஒட்டின பிறகு பிடி கிடைக்குது.

இந்த ஞாயிறு அதே வளைவு, நான் விழுந்த அதே கல்லு. லூரைக் கழட்டிப் பெட்டியில போட்டேன், ராடைக் குழாயில இறக்கினேன், ரெண்டு கையையும் கல்லுல வச்சு இறங்கினேன். மூணு சீலா. பெருசு முக்கால் கிலோ இருக்கும்.

குழாய்க்காரர்:

ஒரே போல்ட்ல சுழல விட்டது எனக்குத் தோணவே இல்ல தம்பி. வாஷர் என்ன கனம்? என்னுதையும் பிரிச்சு மாத்தப் போறேன்.

ஒற்றியூர் தூண்டில்:

3 மி.மீ. அண்ணே. தண்ணிக் குழாய் வாஷர்தான், உங்க கடையிலேயே இருக்கும்.